கடலுக்கடியில் ஒரு கிராணி



ஆழம் என்றால் நம் டெங்கில் பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது கடல் அல்ல, ஈயக்குட்டைதான். ஈயக்கப்பல்கள் மண்ணைக் குடைந்து தின்றுவிட்டுப் போன குழிகளில் மழைநீர் நிரம்பிக் குளமாய் நிற்கிறது. அவற்றில் சிலவற்றை இன்று பாயா இண்டா என்ற பெயரில் அழகுபடுத்தி, நீர்யானை கூட வைத்திருக்கிறார்கள். மற்றவை வேலியில்லாமல் கிடக்கின்றன. "குட்டைப் பக்கம் போகாதே, காலை உடைப்பேன்" என்று பாட்டிமார் அதட்டுவது சும்மா அல்ல. 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் இரவு, நமக்கு எட்டிய தூரத்திலுள்ள பூச்சோங் தாமான் புத்ரா பெர்டானாவில், பழைய ஈயக்குட்டை ஒன்றில் விழுந்த 17 வயதுப் பையனைத் தேடி இறங்கிய தீயணைப்பு நிலையத்தின் நீர்மீட்பு வீரர்கள் ஆறு பேர் ஒரே சமயத்தில் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

அந்த ஆறு பேரையும் கொன்றது தண்ணீரின் வேகம். ஆனால் வேகமே இல்லாத தண்ணீரில், முதுகில் காற்று உருளை நிறையக் காற்று இருந்தும், நீந்தத் தெரிந்தும், மேலே ஏறி வந்து படகில் உட்கார்ந்து ஒரு கோப்பை தேத்தண்ணீர் குடிக்கும் நேரத்தில் மனிதன் கைகால் விழுந்து போகலாம், செத்தும் போகலாம். இது பலருக்குத் தெரியாது. அந்த ஆபத்தைக் கணக்குப் பார்ப்பதற்கென்றே இன்று முக்குளிப்பவர்கள் கையில் கடிகாரம்போல ஒரு கணிப்பொறியைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். அந்தப் பொறியின் கதையைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ஒரு பொறி அல்ல, பல பொறிகள். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பொறிகள்!

முக்குளிப்பு நமக்குப் புதிய தொழிலா? இல்லவே இல்லை. கொற்கை முத்து சங்க காலத்திலேயே பேர் பெற்றது. தூத்துக்குடியிலும், மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையிலும் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக முத்துக் குளித்தார்கள். காலில் கனமான கல்லைக் கட்டி இறங்குவார்கள். கயிற்றின் மறுமுனை படகில் நிற்பவர் கையில் இருக்கும். சுறா கடிக்காமலிருக்க மந்திரம் சொல்லும் கடல்கட்டி கரையில் இருப்பார். 1905-ஆம் ஆண்டு இலங்கையில் நடந்த முத்துக்குளிப்பில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. அத்தனையும் ஒரே மூச்சில் இறங்கி, ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடத்தில் ஏறிவந்த மனிதர்கள் எடுத்தவை. அவர்களுக்குச் சுறா பயம் உண்டு, மூச்சுத் திணறல் உண்டு, காது கிழிவதும் உண்டு. ஆனால் நான் சொல்ல வந்த நோய் அவர்களை அதிகம் தொடவில்லை. மேலிருந்து கொண்டுபோன ஒரு நெஞ்சுக் காற்றுதானே அவர்களிடம் இருந்தது!

கீழே இருக்கும்போதே காற்றை ஊட்டத் தொடங்கிய பிறகுதான் வந்தது வினை. 1837-இல் லண்டனில் அகஸ்டஸ் சீபே என்பவர் செம்புத் தலைக்கூண்டோடு உடல் முழுதும் மூடும் முக்குளிப்பு உடையைச் செய்தார். துணிக்கு நடுவே ரப்பர் வைத்து ஒட்டிய உடை அது. கித்தா மரத்தையே பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஒரு பெருமை தோன்றலாம். ஆனால் அவசரப்படாதீர்கள், அன்று மலாயாவில் கித்தாத் தோட்டமே கிடையாது, அந்தப் பால் தென்னமெரிக்கக் காட்டுப் பால். மேலிருந்து பம்பு அடித்துக் குழாய் வழியே காற்று அனுப்பினார்கள். முக்குளிப்பவர் மணிக்கணக்கில் கீழே வேலை செய்தார். மேலே வந்தார். மூட்டு வலி என்றார். சிலர் எழுந்து நிற்கவே முடியாமல் போனார்கள். நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றடியில் அஸ்திவாரம் போட்ட தொழிலாளர்களுக்கும் இதே கதி. அவர்கள் காற்றை அழுத்தி அடைத்த பெரிய பெட்டிகளுக்குள் வேலை செய்தவர்கள். வலி தாளாமல் உடம்பை வளைத்துக்கொண்டு நடந்ததால் அந்த நோய்க்கு 'பெண்ட்ஸ்' என்று பெயர் வந்தது. பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872-இல் இதே நோயில் விழுந்து, மீதி வேலையை வீட்டிலிருந்தே நடத்தினார். அவர் பெயராவது சரித்திரத்தில் இருக்கிறது. கூடவே விழுந்த கூலிக்காரர்களின் பெயர்களை யார் தேடினார்கள்?

காரணம் என்ன? தீபாவளிக்கு வாங்கும் கலர் போத்தலை எடுத்துக்கொள்ளுங்கள். மூடி இருக்கும்வரை உள்ளே ஒரு குமிழியும் தெரியாது. டப்பென்று திறந்தால் நுரை பொங்குகிறது. அழுத்தத்தில் கரைந்திருந்த வாயு, அழுத்தம் போனதும் குமிழியாய் வெளியே ஓடுகிறது. கடலில் 10 மீட்டர் இறங்கினால் நம்மேல் அழுத்தம் இரண்டு மடங்கு, 40 மீட்டரில் ஐந்து மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் சதையிலும் கொழுப்பிலும் கரைந்து சேர்கிறது. வேகமாக மேலே வந்தால் நம் உடம்பே திறந்த கலர் போத்தல்! 1878-இல் பிரெஞ்சு விஞ்ஞானி பால் பேர் இதை நிரூபித்துக் காட்டினார். மெல்ல ஏறு என்றும் சொன்னார். எவ்வளவு மெல்ல என்பதுதான் கேள்வியாக நின்றது.

அதற்கு விடை சொன்னவை ஆடுகள்! "அட, ஆட்டுக்கும் கடலுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். லயத்துக்குப் பின்னால் ஆடு வளர்த்தவர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும். மன்னாரில் அந்த எட்டுக் கோடிச் சிப்பி அள்ளப்பட்ட அதே 1905-இல், பிரிட்டிஷ் கடற்படை ஆழ முக்குளிப்பைப் பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி இருந்தார். லண்டனில் லிஸ்டர் ஆய்வுக்கூடத்தில் பெரிய இரும்பு அறை ஒன்று இருந்தது. அதற்குள் ஆடுகளை அடைத்துக் காற்றழுத்தத்தை ஏற்றினார். பிறகு பலவிதமாகக் குறைத்துப் பார்த்தார். எண்பத்தைந்து ஆடுகள். ஆடு வாய் திறந்து எங்கே வலிக்கிறது என்று சொல்லுமா? முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றால் மூட்டில் வலி என்று அர்த்தம். நம் ஆட்டுக்காரர்கள் இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம் என்பார்கள். ஆனால் ஹால்டேன் அந்தத் தூக்கிய கால்களை எண்ணிக் கணக்காக்கினார். அதில்தான் இருக்கிறது விஷயம்.

அவர் கண்டது இதுதான். அழுத்தம் இரண்டு மடங்கிலிருந்து ஒரு மடங்குக்கு இறங்கினால் உடம்பு தாங்குகிறது. அப்படியானால் ஆறிலிருந்து மூன்றுக்கும் தாங்கவேண்டும். ஆகவே பாதித் தூரத்தை விரைவாக ஏறலாம். அதன் பிறகு படிப்படியாக நின்று நின்று ஏறவேண்டும். இன்னொன்றும் சொன்னார்: உடம்பு முழுதும் ஒரே வேகத்தில் நைட்ரஜனைக் குடிப்பதில்லை. இரத்தம் சீக்கிரம் குடிக்கும், சீக்கிரம் விடும். கொழுப்பு மெல்லக் குடிக்கும், மெல்ல விடும். இதை ஐந்து வாளிகளாக அவர் கற்பனை செய்தார். முதல் வாளி 5 நிமிடத்தில் பாதி நிறையும், அடுத்த 5 நிமிடத்தில் மீதியில் பாதி. கடைசி வாளிக்குப் பாதி நிறையவே 75 நிமிடம். உடம்புக்குள் உண்மையில் வாளி ஏதும் இல்லை. இது கணக்குக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. இதை மறவாதீர்கள், பின்னால் வேண்டும். ஹால்டேனின் ஆய்வு 1908-இல் அச்சாகியது. அட்டவணையைப் பார்த்து ஏறிய கடற்படை முக்குளிப்பாளர்கள் பிழைத்தார்கள்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு சுவிட்சர்லாந்தில் சூரிச் நகர மருத்துவர் ஆல்பர்ட் பூல்மன் அந்த வாளிகளை மறுபடி கையில் எடுத்தார். கடலே இல்லாத நாட்டுக்காரருக்கு இது எதற்கு? அங்கே மலைமேல் ஏரிகள் உண்டு. மலைமேல் காற்று மெலிவு, ஆகவே கடலுக்குப் போட்ட அட்டவணை அங்கே பொய்த்துப்போகும். 1962-இல் அவருடைய கணக்கை நம்பி ஹன்னஸ் கெல்லர் என்பவர் கலிபோர்னியாக் கடலில் 1000 அடி ஆழத்தைத் தொட்டார். கெல்லர் பிழைத்தார், கூட இறங்கிய பத்திரிகையாளரும், உதவிக்குப் போன இளைஞரும் இறந்தார்கள். பூல்மன் நிறுத்தவில்லை. வாளிகள் பதினாறாயின. கடைசி வாளி பாதி நிறைய 635 நிமிடம், அதாவது பத்து மணி நேரத்துக்கு மேல். 1983-இல் தம் முறையைப் புத்தகமாக வெளியிட்டார். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று கணக்கைத் திறந்து வைத்ததுதான் அவர் செய்த பெரிய காரியம் என்பேன். இன்றைய பொறிகளில் பெரும்பகுதி அந்தப் புத்தகத்தின் பிள்ளைகளே.

இனிப் பொறிகளுக்கு வருவோம். அட்டவணையில் ஒரு குறை உண்டு. பத்து நிமிடம் 30 மீட்டரிலும், மற்ற நேரம் 12 மீட்டரிலும் இருந்தாலும், முழு நேரமும் 30 மீட்டரில் இருந்ததாகவே அது கணக்குப் போடும். அரை நாள் வேலைக்கு முழு நாள் பேர் போட்டால் நமக்குக் கொண்டாட்டம். இங்கே அது தண்டனை. 1959-இல் இத்தாலியில் ஒரு சின்னக் கருவி செய்தார்கள். ஒரு பையிலிருந்து பீங்கான் வில்லை வழியாக வாயு மெல்லக் கசிந்து போகும்; அதுவே ஒற்றை வாளி. மனித உடம்பை ஒரே வாளியில் அடக்க முடியுமா? அதை நம்பிப் பலர் நோயில் விழவே, 'பெண்ட்ஸ் கொடுக்கும் மிஷின்' என்ற பொருளில் பட்டப்பெயர் வைத்தார்கள். 1983-இல் அமெரிக்காவின் ஆர்கா எட்ஜ், சுவிஸ்காரர்களின் டெக்கோபிரெய்ன் என்ற இரண்டு மின்னணுக் கணிப்பொறிகள் வந்தன. 1987-இல் சுவிட்சர்லாந்திலிருந்து அலாடின், பின்லாந்திலிருந்து சூண்டோ. இந்தச் சூண்டோ 1936 முதல் திசைகாட்டி செய்துவந்த கம்பெனி.

இந்தப் பொறி என்ன செய்கிறது? தோட்டக்காரர்களுக்கு ஒரே வார்த்தையில் விளக்கிவிடலாம்: மெட்ரோலக்! பால் ஸ்டோரில் கிராணி அந்தக் கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்கவிட்டு, எத்தனை சதவிகிதம் ரப்பர் என்று எழுதுவார். அவர் ரப்பரையா பார்த்தார்? பாலின் அடர்த்தியைப் பார்த்தார்; ரப்பரை ஊகித்தார். அந்த ஊகத்தில்தான் நம் சம்பளம் இருந்தது. முக்குளிப்புக் கணிப்பொறியும் அப்படியே. அது அளப்பது அழுத்தம், நேரம் என்ற இரண்டைத்தான். உங்கள் இரத்தத்தை அது பார்ப்பதில்லை. முந்தின இரவு தூங்கினீர்களா, தண்ணீர் குடித்தீர்களா, உடம்பு குளிரில் நடுங்குகிறதா, ஒன்றும் அதற்குத் தெரியாது. அழுத்தத்தையும் நேரத்தையும் வைத்துக் கற்பனை வாளிகளை நிரப்பிக் காட்டுகிறது. இதனால்தான் ஒரே ஆளின் இரண்டு கைகளில் இரண்டு கம்பெனிப் பொறிகளைக் கட்டினால் இரண்டும் இரண்டு விதமாகப் பேசும். இரண்டும் பழுதில்லை. ஊகம் வேறு.

சாதாரண முக்குளிப்பில் இந்த வேறுபாடு சில நிமிடங்களோடு முடிந்துவிடும். 40 மீட்டருக்குக் கீழே போகும் 'டெக்னிக்கல் டைவிங்' என்ற பெருமுக்குளிப்பில் அப்படியல்ல. 1991-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒருவர் வைத்த பெயர் அது. அந்த ஆழத்தில் வெறும் காற்று கள் குடித்ததுபோல் மயக்கும்; ஆகவே ஹீலியம் கலந்த வாயு. ஏறும்போது ஆக்ஸிஜன் மிகுந்த வேறு வாயு. கடைசி 6 மீட்டரில் சுத்த ஆக்ஸிஜன். அதையே ஆழத்தில் சுவாசித்தால் வலிப்பு வந்து சாக நேரும். இத்தனை உருளைகளையும் மாற்றி மாற்றிக் கணக்குப் பார்க்க முதலில் வந்த பொறிகளுக்குத் தெரியாது. வீட்டுக் கணிப்பொறியில் அட்டவணை அச்சடித்து, பிளாஸ்டிக்கில் வைத்துக் கையில் கட்டிக்கொண்டு போனார்கள். பிறகு பிரிட்டனில் வி.ஆர்.3 வந்தது. 2004-இல் கனடாவில் புரூஸ் பார்ட்ரிட்ஜ் தொடங்கிய ஷியர்வாட்டர் கம்பெனியின் பொறிகள் அதற்குப் பின் இந்தத் துறையைப் பிடித்துக்கொண்டன.

எது நல்லது என்று கேட்டால் விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். முதல் கேள்வி: தப்பு செய்தவனை அது என்ன செய்யும்? பழைய சூண்டோப் பொறிகள் பல, நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் மேலே வந்தால் 48 மணி நேரத்துக்குக் கணக்குப் புத்தகத்தை மூடிவிடும். ஆழமும் நேரமும் மட்டுமே காட்டும். கோபக்காரக் கிராணி! சாதாரண ஆளைக் கடலுக்குத் திரும்பப் போகவிடாமல் காக்க அது நல்லதே. ஆனால் 60 மீட்டரிலிருந்து ஏறும் வழியில் தவறு நேர்ந்தவனுக்கு அந்த நேரத்தில்தான் கணக்கு அதிகம் வேண்டும். ஷியர்வாட்டர் மூடுவதில்லை, "ஆனது ஆச்சு, இப்போதிருந்து இப்படி ஏறு" என்று புதுக் கணக்குப் போடும். இரண்டாவது கேள்வி சின்னது: பேட்டரி எது? பெட்ரெல், பெர்டிக்ஸ் வகைகளுக்கு டெங்கில் பட்டணத்துக் கடையில் வாங்கும் சாதாரண டபுள்-ஏ பேட்டரி போதும். கைக்கடிகாரம்போல் அழகாக வரும் டெரிக், கார்மின் வகைகளுக்குச் சார்ஜ் போடவேண்டும். நாலு நாள் படகில் மின்சாரம் தகராறு என்றால் அழகு சோறு போடாது.

மூன்றாவது கேள்விதான் உயிர். அதன் ஊகம் யாருடையது, அதைத் திறந்து காட்டுகிறதா? ஷியர்வாட்டரிலும் ஜெர்மானிய ஓ.எஸ்.டி.சி. பொறியிலும் இருப்பது பூல்மனின் பதினாறு வாளிகள். அதன்மேல் எரிக் பேக்கர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1990-களில் எழுதிய திருத்தம் ஒன்று. பூல்மன் போட்ட எல்லைக்கோட்டை நான் முழுதும் தொடமாட்டேன். 30 பங்கில் முதல் நிறுத்தம், 70 பங்கோடு வெளியே வருவேன் என்று இரண்டு எண்களை முக்குளிப்பவரே வைக்கலாம். சூண்டோ வெகுகாலம் அமெரிக்கர் புரூஸ் வீங்கியின் குமிழிக் கணக்கை வைத்திருந்தது. அதன் உள்விவரம் கம்பெனிக்கே வெளிச்சம். இன்னொரு குமிழிக் கணக்கு ஹவாயில் டேவிட் யவுண்ட் ஜெலட்டினில் குமிழி உண்டாக்கிப் பார்த்ததிலிருந்து பிறந்தது. ஜெலட்டின் என்றால் நம் பிள்ளைகள் சாப்பிடும் அகர் அகர் மாதிரிதான். குமிழிக் கட்சிக்காரர்கள் என்ன சொன்னார்கள்? மேலே நிற்பதைவிட ஆழத்திலேயே முதலில் நில். குமிழி வளருமுன் அடக்கு என்றார்கள். கேட்க நியாயமாகவே இருந்தது. உலகம் முழுதும் பெருமுக்குளிப்பாளர்கள் அப்படியே செய்தார்கள்.

அமெரிக்கக் கடற்படை சோதித்துப் பார்த்தது. இம்முறை ஆடு அல்ல, தாமாக முன்வந்த கடற்படை முக்குளிப்பாளர்கள். 170 அடி ஆழத்தில் 30 நிமிடம். ஏறுவதற்கு இரு அணிக்கும் ஒரே அளவு நேரம், 174 நிமிடம். ஓர் அணி ஆழத்தில் அதிகம் நின்றது, மற்றது ஹால்டேன் வழியில் மேல்மட்டத்தில் அதிகம் நின்றது. 2011-இல் அறிக்கை வந்தது. ஆழத்தில் நின்ற 198 முக்குளிப்புகளில் 11 பேருக்கு நோய். மேலே நின்ற 192-இல் 3 பேருக்கு மட்டும். நியாயமாகத் தோன்றிய கணக்கு தோற்றது! பலர் தங்கள் பொறியில் வைத்த எண்ணை அதன் பிறகே மாற்றினார்கள். எண்ணை மாற்ற இடம் கொடுத்த பொறி வைத்திருந்தவர்களுக்கு அது சுலபமாயிற்று. திறந்த கணக்குப் புத்தகத்தின் அருமை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கிராணி எப்படிக் கணக்குப் போட்டார் என்று கேட்க முடியாத காலத்தில் நம் பெரியவர்கள் பட்டது உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்?

நம் நாட்டில் இந்தப் பொறிகளுக்கு எங்கே வேலை? குவாந்தானுக்கு அப்பால் தென்சீனக் கடலில். 1941 டிசம்பர் 10-ஆம் நாள், பிரின்ஸ் ஆப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் அங்கே மூழ்கடித்தன. ஏறத்தாழ 840 பேர் மாண்டார்கள். அதன் பின் மலாயாவைக் கடல்வழியில் காக்க ஒன்றுமில்லை. இரண்டு மாதத்தில் சிங்கப்பூர் விழுந்தது. நம் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடித்தார்கள். திரும்பி வராதவர்களை நம் குடும்பங்கள் இன்னும் பேர் சொல்லி நினைக்கின்றன. அந்தக் காலம் தொடங்கிய இடம் என்று அந்தக் கடலைச் சொன்னால் தவறாகாது.

ரிப்பல்ஸ் ஐம்பது மீட்டருக்குக் கீழேயும், பிரின்ஸ் ஆப் வேல்ஸ் 68 மீட்டரிலும் கிடக்கின்றன. 68 மீட்டர் என்றால் ஏறக்குறைய எட்டு மடங்கு அழுத்தம். 2002-இல் பெருமுக்குளிப்பாளர்கள் பிரிட்டிஷ் அரசின் அனுமதியோடு பிரின்ஸ் ஆப் வேல்ஸ் கப்பலின் மணியை மேலே கொண்டுவந்தார்கள். திருடர் கையில் சிக்கிவிடும் என்ற பயம்தான் காரணம். பயம் பொய்யாகவில்லை. இரும்புக்கும் பித்தளைக்கும் ஆசைப்பட்டு அந்தக் கல்லறைகளை வெடிவைத்தும் பிடுங்கியும் வந்தார்கள். 2023 மே மாதக் கடைசியில் நம் கடல்சார் அமலாக்கத் துறை ஜொகூர் கடலில் சுவான் ஹோங் 68 என்ற சீனக் கப்பலைப் பிடித்தபோது, அதில் பழைய இரும்பும் வெடிக்காத பீரங்கிக் குண்டுகளும் இருந்தன. கப்பல்களில் எது போயிற்று, எது மிச்சம் என்று கண்ணால் பார்த்து எழுதிவைப்பவர்கள் அங்கே இறங்கும் முக்குளிப்பாளர்களே.

அவர் எப்படித் திரும்புகிறார் பாருங்கள். கீழே இருந்தது இருபது நிமிடம். ஏறுவதற்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி 21 மீட்டரில் வாயு மாற்றுகிறார்; பொறியில் பொத்தானை அழுத்தி, மாற்றியதை அதற்கும் சொல்கிறார். 12-இல் நிற்கிறார், 9-இல் நிற்கிறார். 6 மீட்டரில் சுத்த ஆக்ஸிஜன். படகின் அடி தலைக்குமேல் தெரிகிறது, வெயில் தெரிகிறது, சமையல்காரர் கழுவிக் கொட்டும் சோற்றுப் பருக்கை கூட மிதந்து வருகிறது. இடது கைப் பொறி போகலாம் என்கிறது. வலது கைப் பொறி இன்னும் ஏழு நிமிடம் என்கிறது. அவர் வலது கையைப் பார்த்துக்கொண்டு கயிற்றிலேயே நிற்கிறார்.